விருதுநகர்ச் சீமையும் ஜில்லா கெஜட்டியர்களும்

ஒரு ஜில்லாவின் மண், மழை, பாசனம், பயிர்வகை, கைத்தொழில், வியாபாரம், நிலவரி ஆகிய யாவற்றையும் விசாரித்து ஒரே நூலாகத் தொகுத்துத் தரும் சர்க்கார் பிரசுரத்திற்குக் கெஜட்டியர் என்று பெயர். இந்தியா முழுவதற்கும் உரிய பெருங் கெஜட்டியரின் புதிய பதிப்பு 1907 முதல் 1909 வரை 26 தொகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய அக்காலத்திலேயே சென்னை மாகாணத்தில் ஜில்லாதோறும் தனி நூல் எழுதுவிக்கப்பட்டது. மதுரை ஜில்லாவைப் பற்றி டபிள்யூ. பிரான்ஸிஸ் எழுதியது 1906-லும், திருநெல்வேலி ஜில்லாவைப் பற்றி எச். ஆர். பேட் எழுதியது 1917-லும் அச்சாயின. வருணனை ஒரு தொகுதியாகவும், ஜனத்தொகை, சாகுபடிப் பரப்பு முதலிய கணக்குகள் வேறொரு தொகுதியாகவும் அமைந்தன. கணக்குத் தொகுதி காலத்திற்கேற்பப் புதுப்பிக்கப்படும். வருணனையோ பல்லாண்டுகள் அப்படியே நிற்கும்.

விருதுநகர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துச் சாகுபடியை அறிய விரும்பி இந்நூல்களைப் புரட்டுவாராயின் ஏமாற்றமே அடைவார். 1906-ல் விருதுபட்டியும் சிவகாசியும் திருநெல்வேலி ஜில்லாவின் சாத்தூர் தாலுகாவில் இருந்தமையால் மதுரை நூலில் அவற்றிற்கு இடமில்லை. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா புதிதாக அமைக்கப்பட்டபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்கள் அதனுடன் சேர்க்கப்பட்டன. ஆதலால் 1917-ல் வந்த திருநெல்வேலி நூலும் அவற்றைத் தனியே வருணிக்கவில்லை. ராமநாதபுரம் ஜில்லாவிற்கு விரிவான கெஜட்டியர் வெளிவந்ததோ 1972-ல்தான். அருப்புக்கோட்டை மாத்திரம் ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்திருந்தபடியால் மதுரை நூலில் இடம் பெற்றது. எல்லைக்கோடு ஒருமுறை நகர்ந்ததனால் ஒரு சீமை முழுவதும் இரு புத்தகங்களுக்கு நடுவே விழுந்துவிட்டது.

இஃது அற்ப நஷ்டமன்று. அச்சீமையின் நிலை மாறியது அந்த ஆண்டுகளிலேயாம். 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை இடப்பட்டதன் பின் விருதுபட்டியும் சாத்தூரும் பருத்திச் சந்தைகளாக வளர்ந்தன. கரிசல் பூமியில் மானாவாரியாக விளைந்த உப்பம், கருங்கண்ணிப் பருத்திகள் ‘தின்னவேலி’ என்ற பெயரால் கப்பலேறின. குட்டை இழையுடைய புளிச்சைப் பருத்தி இவற்றுடன் கலந்தமையால் சரக்கின் மதிப்புக் குன்றியது. விவசாய இலாகாவினர் சுத்தமான கருங்கண்ணி விதையைப் பரப்பி அக்கலப்பை அகற்ற முயன்றனர். 1901-ல் தொடங்கிய கோவிற்பட்டிப் பண்ணை இம்முயற்சிக்குப் பெருந்துணை செய்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் கம்போடியாப் பருத்தியும் வந்து கிணற்றுப் பாசனத்தில் இடம் பிடித்தது. முன்பு கேழ்வரகும் மிளகாயும் கண்ட தோட்டங்களிற் பல இதற்குத் திரும்பின.

மழையோ ஆண்டிற்குச் சராசரி 800 மில்லி மீட்டர் அளவே; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழைக்காலம் நீங்கலாக மணலாகவே கிடக்கும். 1895-ல் திறக்கப்பட்ட பெரியாற்றுத் தண்ணீர் மதுரை, மேலூர்ப் பக்கங்களை வளப்படுத்தியதேயன்றி இங்கு எட்டவில்லை. ஒரு போகம் முடிந்த பின் உழவரும் கூலியாட்களும் வேலையின்றி இருக்க நேர்ந்தது. அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922-ல் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு சிவகாசியில் அதனைத் தொடங்கியபோது, விளைச்சலுக்குப் பகையாயிருந்த அதே வறட்சி தொழிலுக்கு நட்பாயிற்று. மருந்து தோய்த்த குச்சியும், பின்னர் வந்த பட்டாசும் வெயிலில் உலர வேண்டியவை அல்லவா? 1923-ல் விருதுபட்டி விருதுநகர் எனப் பெயர் மாறியது. 1927-ல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை சிவகாசி வழியே திறக்கப்பட்டது. ஆயினும் கழனியை விட்டு ஆட்கள் ஆலைக்குச் சென்ற விதத்தை ஊர் ஊராக விசாரித்து எழுதி வைக்க அன்று கெஜட்டியர் ஆசிரியர் எவரும் அமர்த்தப்படவில்லை.

ஆகவே 1985-ல் தனியே பிரிந்த விருதுநகர் மாவட்டத்தின் பழைய நிலையை அறிய வேண்டுவோர் நூல்களை ஒட்டுப்போட்டே படித்தல் வேண்டும். சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளுக்கு 1879-ல் ஏ. ஜே. ஸ்டூவர்ட் வெளியிட்ட திருநெல்வேலி ஜில்லா நூலை முதலிற் காண்க. அருப்புக்கோட்டைப் பக்கத்திற்குப் பிரான்ஸிஸ் நூல் உதவும். ஊர்களின் சுருக்கமான குறிப்பு பெருங் கெஜட்டியரில் அகர வரிசையில் உண்டு. விருதுநகரை விருதுபட்டி என்ற பழம்பெயரில் தேட வேண்டும். அளவைகளிலும் எச்சரிக்கை தேவை. மழை அங்குலத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லி மீட்டர். பருத்தி கண்டிக் கணக்கில் வரும் இடங்களில் எந்தக் கண்டி என்று பார்த்துக்கொள்ளல் நலம்; சென்னைக் கண்டி 500 ராத்தல், பம்பாய்க் கண்டி 784 ராத்தல்.