கைவிடப்பட்ட கப்பலில் இருந்தோர்

எம்முடன் தங்கிப் பயிலும் தமக்கை மகன் அண்மையில் ஜோசப் கான்ராடின் ‘லார்ட் ஜிம்’ நாவலைச் சுருக்கப் பதிப்பாகப் படித்தான். 1900-ல் நூலாக வெளிவந்த கதை அது. மெக்கா யாத்திரிகர் எண்ணூறு பேரைச் சுமந்து செல்லும் ‘பட்னா’ கப்பலை அதிகாரிகள் நள்ளிரவில் கைவிட்டுப் படகேறுகின்றனர். அவர்களுள் ஒருவனான ஜிம்மின் மனவேதனையே கதை. வகுப்பு வினாக்களும் அவ்வேதனையைப் பற்றியனவே. பையனோ, “கப்பலில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள், மாமா?” என்றான்.

இதற்கு விடை சரித்திரத்தில் உண்டு. 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ‘ஜெட்டா’ என்னும் நீராவிக் கப்பல், பினாங்கு வழியாக ஏறக்குறைய 950 யாத்திரிகருடன் அரபுக் கரைக்குச் சென்றது. தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பில் கொதிகலன்கள் இடம்பெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆகஸ்டு 8-ஆம் நாள், குவர்தபூய் முனைக்கு அப்பால், தலைவர் கிளார்க்கும் முதல் துணை அதிகாரி வில்லியம்ஸும் பிறரும் படகில் அகன்றனர். ‘சிந்தியா’ கப்பல் அவர்களை மீட்டு 10-ஆம் நாள் ஏடனில் சேர்த்தது. ஜெட்டா மூழ்கிற்று என்று தந்தி பறந்தது. மறுநாளே ‘அந்தெனர்’ கப்பல் இழுத்துவர, ஜெட்டா யாத்திரிகரோடு துறைமுகம் புகுந்தது! தந்தித் தாள்களோடு காலங்கழிக்கும் எமக்கு, அச்செய்தியை அனுப்பிய எழுத்தரின் முகமே முதலில் நினைவில் எழுந்தது.

கப்பல் மிதந்ததற்கு யாத்திரிகர் ஓயாது நீரிறைத்ததும் ஒரு காரணமாகும். நாவலிலோ அவர்கள் பெரும்பாலும் உறங்கும் கூட்டமே. சரித்திரத்தை அருகில் வைத்தால்தான் இவ்வேறுபாடு பிள்ளைகளுக்குப் புலப்படும்.

ஆசிரியர்க்கு யோசனை கூறுதல் எம் போன்றோர்க்கு மிகையே. ஆயினும் ஒரு கடற்படத்துடனும் மேற்கண்ட தேதிகளுடனும் பள்ளிக்குச் சென்றோம். ஆசிரியர் மகிழ்ந்து ஒரு பாடவேளை முழுதும் அளித்தார். பிள்ளைகள் படத்தில் வழியைக் குறித்தனர். பின்னர் விசாரணை மன்றமாக அமர்ந்தனர். ‘ரஜூலா’ கப்பலில் டெக் பயணிகளாய் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சென்றோர் நம் குடும்பங்களிலும் உண்டன்றோ? அத்தகைய பாட்டனாரின் பேத்தி ஒருத்தி, யாத்திரிகர் தரப்பில் சாட்சி கூற எழுந்தாளாம்.

ஏடன் விசாரணையின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாகாது என்பது எம் கருத்து. பிள்ளைகள் தம் தீர்ப்பை எழுதிய பின்னரே, தலைவரின் சான்றிதழ் மூன்றாண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டதென ஆசிரியர் கூறினார். அன்றிரவு சோற்றைப் பிசைந்தவாறே பையன் கேட்டான்: “மூன்றே வருஷந்தானா, மாமா?”