உங்களுக்குத் தெரியுமா? தீ வைத்து வளர்த்த புல்வெளி

அமெரிக்காவின் மேடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தாவரப் பூங்காவுக்குள் இருக்கிறது கர்ட்டிஸ் பிரெய்ரி என்ற புல்வெளி. சுமார் 70 ஏக்கர். ஆதியிலிருந்தே இருக்கும் காட்டுப் புல்வெளி போலத்தான் தெரியும். உண்மையில் அது உழுது பயிரிட்டுக் கைவிடப்பட்ட பண்ணை நிலம். 1930-களில் அரசு வேலைத்திட்டத்து இளைஞர்கள், தியோடர் ஸ்பெரி என்ற தாவரவியலாளரின் மேற்பார்வையில், வேறு இடங்களிலிருந்து பிரெய்ரிச் செடிகளைப் பெயர்த்து வந்து இங்கே நட்டார்கள்.

நட்டால் போதுமா? ஐரோப்பாவிலிருந்து வந்த நீலப்புல் விடாப்பிடியாக நின்றது. அதற்கு வழி தேடியவர் அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கர்ட்டிஸ். 1940-களில் மாணவர் மேக்ஸ் பார்ட்சுடன் சேர்ந்து நிலத்துக்குத் தீ வைத்துப் பார்த்தார்! நீலப்புல் வசந்தத்தின் தொடக்கத்திலேயே துளிர்க்கும். தீ அதன் பசுந்தளிரைப் பொசுக்கும். பிரெய்ரிப் புற்களோ தாமதமாகத்தான் முளைவிடும், அதுவரை உயிர் வேரில் பத்திரம். சருகும் எரிந்துபோவதால் மண் சீக்கிரம் சூடேறி, அவை கூடுதலாகப் பூக்கவும் செய்தன. காட்டுத்தீ என்றாலே அணைக்க ஓடிய காலத்தில் இது துணிச்சல்தான்.

இத்தனைக்கும் கர்ட்டிஸ் முனைவர் பட்டம் வாங்கியது ஆர்க்கிட் ஆய்வுக்கு. 1961-இல், 47 வயதில் காலமானார். 1957-இல் மாணவர் ரோஜர் பிரேயுடன் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து பெயர் பெற்ற, உயிரினக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்கும் 'பிரே–கர்ட்டிஸ்' அளவீட்டை, இன்று குடல் பாக்டீரியாக்களை ஆராய்பவர்கள்கூடப் பயன்படுத்துகிறார்கள்.