மழைக்காலத்திற்கு ஜன்னல்களைச் சித்தம் செய்தல்

குளிர்நாடுகளில் ஜன்னலின் இடுக்குகளை அடைப்பதன் நோக்கம், வீட்டினுள் உள்ள வெப்பம் வெளியே கசியாதிருப்பதேயாகும். திருவனந்தபுரத்திலோ தை மாத இரவிலும் கம்பளி தேவைப்படுவதில்லை. ஆகையால் அக்கவலை நமக்கில்லை. நமக்குள்ள கவலை மழையே. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை சாதாரணமாக ஜூன் முதல் நாளையொட்டித் தொடங்குகிறது. துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் பெய்கிறது. முன்னதில் கடலை நோக்கிய மேற்குச் சுவர்கள் மிகுதியும் நனைகின்றன. பின்னதில் எத்திசையும் தப்புவதில்லை.

ஜன்னல் வழியே நுழையும் நீர் தரையை நனைப்பதோடு நிற்பதில்லை. சுவர்ப்பூச்சு ஊறிப் பெயர்கிறது; மரச்சட்டத்தின் அடிமூலை மக்குகிறது; பூஞ்சை படர்ந்து ஆஸ்துமா உள்ளவர்களை வருத்துகிறது. ஜன்னலுக்குக் கீழே மின்சாரப் பிளக் பொருத்தப்பட்டிருப்பின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நீர் மேலிருந்து கீழே மட்டுமே செல்லும் என்று நாம் எண்ணுகிறோம். காற்றுள்ளபோது அவ்வாறன்று. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று, எதிர்ப்படும் சுவரின்மீது சுமார் 60 பாஸ்கல் அமுக்கத்தைத் தருகிறது. இது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் உயரமுள்ள நீரைத் தாங்கப் போதுமானது. வேகம் இரட்டிக்குமாயின் அமுக்கம் நான்கு மடங்காகும்; அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று, 24 மில்லிமீட்டர் உயரத்திற்கு நீரைத் தள்ள வல்லது. கதவு வந்து முட்டும் அடிச்சட்டத்தின் படி 12 மில்லிமீட்டர் மட்டுமே இருக்குமாயின், நீர் அதனைத் தாண்டி உள்ளே ஏறுவதில் வியப்பில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் குமரிமுனைக்கு அண்மைக் கடலைக் கடந்ததை நினைவுகூர்வோர், இத்தகைய காற்று இக்கரைக்குப் புதிதன்று என்பதை அறிவர். பழைய ஜன்னலின் படியை உயர்த்த இயலாவிடினும், கதவின் வெளிப்புற அடியில் சாய்வான மரப்பட்டை ஒன்றைத் தைத்தும், அடிச்சட்டத்தில் தேங்கும் நீர் வெளியேற இரண்டு சிறு துளைகள் இட்டும் பெரும்பகுதி நீரைத் தடுக்கலாம்.

மற்றொரு வழி நுண்புழைக் கவர்ச்சியாகும். அரை மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நீர் சுமார் 3 சென்டிமீட்டர் உயரம் ஏறும். இடைவெளி அகன்றால் ஏற்றம் குறையும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம்: இரு கண்ணாடித் துண்டுகளை ஒரு விளிம்பில் ஒட்டவைத்து, மறுவிளிம்பில் தீக்குச்சியைச் செருகி, சாயம் கலந்த நீரில் நிறுத்தினால், ஒட்டிய பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் அழகிய வளைகோடு தோன்றும். எனவே, மிக நெருக்கமாக இழைத்த கதவே நீரை நன்கு உறிஞ்சுகிறது. இதற்கு மாற்று மேலும் இறுக்குவதன்று. சட்டத்தின் விளிம்பு நெடுக 6 மில்லிமீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்றை இழைத்துவிட்டால், நீரின் ஏற்றம் அங்கேயே அறுபடும். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடிப்புற ஓரத்திலும் இத்தகைய பள்ளம் வேண்டும். அஃதில்லையெனில் நீர் அடிப்பரப்பைப் பற்றிக்கொண்டே சுவர்வரை ஓடிவரும். கொத்தனார் பூச்சின்போது ஒரு கம்பியை அழுத்தி எடுத்தால் போதும், செலவு ஏதுமில்லை. வெளிப்புற அடிமேடைக்கு வெளிநோக்கி வாட்டம் அமைவதும் இன்றியமையாதது.

மழையில் மரம் உப்பிக் கதவு இறுகும்போது உடனே ஆசாரியை அழைத்து இழைத்துவிடும் வழக்கம் தவறானது. இக்கட்டுரையாளரும் ஒருமுறை ஆடி மாதத்தில் அவ்வாறு செய்து, மாசியில் பென்சில் நுழையுமளவு இடுக்கைக் கண்டதுண்டு. மரம் உலர்ந்தபின், மார்ச் அல்லது ஏப்ரலில், கதவைக் கழற்றி அதன் அடிவிளிம்புக்கு வர்ணம் பூசுக. கண்ணுக்குத் தெரியாத அவ்விளிம்பை வர்ணக்காரர் பெரும்பாலும் விட்டுவிடுவர். நீரை மிகுதியாகக் குடிப்பதோ அதுவே. கண்ணாடியைச் சுற்றி வெடித்த மக்கைச் சுரண்டி எடுத்து, மரத்திற்கு முதலில் ஆளிவிதை எண்ணெய் தடவிய பின்னரே புதிய மக்கை வைத்தல் வேண்டும். இன்றேல் மரம் எண்ணெயை உறிஞ்ச, மக்கு விரைவில் நொறுங்கும். நிலைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள வெடிப்புக்குச் சிலிக்கோன் பசை நன்று. ஈரச் சுவரில் அது ஒட்டாது.

இவ்வளவும் கூறியபின், வீட்டை முற்றிலும் அடைத்துவிடலாகாது என்பதையும் வற்புறுத்த வேண்டும். சமையலின் ஆவியும், உள்ளே உலர்த்தும் துணிகளின் ஈரமும் வெளியேறாவிடில் பூஞ்சை உள்ளிருந்தே வளரும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தின் அரண்மனையில், தாழ இறங்கிய கூரையும் மரச்சட்டப் பலகணிகளும் மழையைத் தடுத்துக் காற்றை விடுகின்றன. லாரி பேக்கர் திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்திற்கு அமைத்த கட்டடங்களில், செங்கல் இடைவெளிச் சுவர்கள் அதே பணியைச் செய்கின்றன. சாதாரண வீட்டில், காற்று மோதும் பக்கத்தை மூடி, எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவைப்பது போதும்.

பழுதுபார்த்தபின் சோதனை அவசியம். ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் வெளியிலிருந்து குழாய்நீரை முதலில் அடிச்சட்டத்திலும், பின் பக்கங்களிலும், இறுதியில் மேற்புறத்திலும் ஐந்து ஐந்து நிமிடம் விடுக. மேலிருந்து தொடங்கினால் நீர் எவ்விடத்தில் நுழைந்தது என்று பிரித்தறிய முடியாது.