சால்மன் மீனும் மேல்மாடி ஜன்னலும்



மும்பையில் குடியேறிய நம்மவர் வீடுகளில் மீன் சமைப்பது அடுப்படியோடு முடிந்துவிடுகிற காரியம் அல்ல. சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம், தரைக்குக் கீழே ஒரு குடும்பம், மேலே வீட்டுச் சொந்தக்காரர். தூத்துக்குடியில் இருந்த நாட்களில் மீன்வாடை காற்றோடு கடலுக்கே திரும்பிப் போயிற்று. இங்கோ அது மாடிப்படிகளில் ஏறிச் செல்லுகிறது. நாங்கள் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தபோது, சைவ உணவுக்காரராகிய மேல்மாடி அம்மையார் மீன் கூடாதென்று சொல்லவில்லை. வாடை வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். தடையைவிட அது கடினமான நிபந்தனை என்பது பின்னர்தான் விளங்கிற்று.

என் கணவருக்கு இருதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டுச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, ஆட்டிறைச்சியைக் குறைத்து, கொழுப்புள்ள கடல்மீனை வாரத்தில் இருமுறை உண்ணும்படி மருத்துவர் கூறினார். அமெரிக்க இருதயக் கழகமும் இதே அளவைத்தான் பரிந்துரைக்கிறது. ஆனால் மருந்துகளின் நாட்களில் அவருக்கு மீன்வாடை என்றாலே குமட்டிற்று. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த மகனோ மீன் தட்டைக் கண்டால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவான். இந்நிலையில் என் கொழுந்தனார் பெரிய கடையொன்றிலிருந்து சால்மன் துண்டுகளை வாங்கி வந்து கொடுத்தார்.

அதை வஞ்சிரம் போலவே பாவித்தேன். புளிக்குழம்பில் இட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். குழம்பின் மேல் செம்மஞ்சள் எண்ணெய் மிதந்தது, மீன் நாராகப் பிரிந்தது, வாடை மூன்று நாள் திரைச்சீலைகளில் தங்கிற்று. கணவர் இரண்டு கவளத்தோடு கைகழுவினார். மேல்மாடி ஜன்னல் சத்தமாக மூடப்பட்டது. விலையுயர்ந்த மீன் வீணானது ஒருபுறம் இருக்க, வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் சந்தைகளில் இந்தியன் சால்மன் என்று விற்கப்படுவது சால்மனே அல்ல. மராத்தியில் ராவஸ் என்றும், வங்காளத்தில் குர்ஜாலி என்றும், நம் கரையில் காலா என்றும் அழைக்கப்படும் மீன் அது. அதன் சதை வெண்மையானது, கொழுப்பும் குறைவு. அது குழம்புக்கு மிகவும் ஏற்றது. மெய்யான சால்மன் வட அட்லாண்டிக், வட பசிபிக் ஆகிய குளிர்கடல்களுக்குரியது. நம் நகரங்களுக்கு வருவதில் பெரும்பகுதி நார்வே நாட்டுப் பண்ணைகளில் வளர்க்கப்பட்டது. அதன் செம்மஞ்சள் நிறத்திற்குக் காரணம் அஸ்டாக்சாந்தின் என்னும் நிறப்பொருள். கடலில் வாழும் சால்மனுக்கு இது இறால் போன்ற சிற்றுயிர்களிலிருந்தும், பண்ணை மீனுக்குத் தீவனத்திலிருந்தும் கிடைக்கிறது. ஆகையால் வெண்சதையைக் காட்டிச் சால்மன் விலை கேட்டால், நின்று விசாரியுங்கள்.

கவிச்சி எங்கிருந்து வருகிறது? கடல்மீன்களின் தசையில், உப்புநீரைத் தாங்கும்பொருட்டு, டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்னும் வாடையற்ற பொருள் இருக்கிறது. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. நாம் மூக்கைச் சுளிப்பது இதனிடத்தில்தான். புளிப்பு பட்டால் இது உப்பாக மாறி, ஆவியாகாமல் அடங்கிவிடும். கல்லுப்பையும் புளியையும் போட்டு மீனை உரசிக் கழுவிய நம் பாட்டிமார் ரசாயனம் படிக்கவில்லை. ஆயினும் செய்தது சரியான செய்கை. சால்மனில் இரண்டாவது காரணமும் உண்டு. அதன் கொழுப்பு இருதயத்திற்கு நல்லது. ஆனால் காற்றுப்பட்டால் விரைவில் கெட்டு வாடை வீசும். ஆகவே புளிப்பினால் மட்டும் இம்மீனை வசப்படுத்த முடியாது.

பாதி வெற்றி வாங்குவதிலேயே இருக்கிறது. விரலால் அழுத்தினால் சதை மீண்டும் எழும்ப வேண்டும். அடுக்குகளுக்கிடையே பிளவோ, ஓரங்களில் பழுப்போ கூடாது. முகர்ந்தால் கடற்காற்றின் மணம் இருக்கலாம். கவிச்சி இருந்தால் எந்த மசாலாவும் அதை மீட்காது. உறைந்த மீனானால், பொட்டலத்திற்குள் பனித்தூள் நிறைந்திருப்பதும் வெண்திட்டுகள் காணப்படுவதும் நல்ல அடையாளங்கள் அல்ல. முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். காற்று நீக்கி ஒட்டிய பொட்டலமானால், உருகவைக்குமுன் அதைப் பிரித்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய கிருமிகளுக்கு இடங்கொடாதிருக்கவே இந்த எச்சரிக்கை.

பிறகு குளிர்ந்த நீரில் ஒருமுறை விரைவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றியெடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி தூளுப்பைக் கரைத்து, அதில் மீனைப் பதினைந்து நிமிடம் வைப்பது ஒரு முறை. வேகும்போது மேலே கசியும் வெள்ளைப் புரதமும் இதனால் குறையும். ஆனால் மீன் உப்பை உறிஞ்சும். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இது வேண்டாம். என் கணவருக்காக நான் பால்தான் பயன்படுத்துகிறேன். மீன் மூழ்கும் அளவு குளிர்ந்த பாலில் இருபது நிமிடம் வைத்து, அந்தப் பாலைக் கொட்டிவிட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். பாலிலுள்ள புரதம் வாடையைப் பற்றிக்கொள்ளுகிறது. எலுமிச்சைச்சாறு பூசுவதானால் பத்து நிமிடம் போதும். அதற்குமேல் சதை வெளுத்து, சுண்ணாம்பு போல உதிரும்.

சமையல் முறையை எனக்குக் கற்றுத்தந்தவர் கணவரின் அலுவலகத்தில் பணிபுரிந்த ஒரு பார்சி அம்மையார். அவர்கள் வாவல் மீனைப் பச்சைச் சட்னி பூசி, வாழையிலையில் பொதிந்து, ஆவியில் வேகவைப்பார்கள். பாத்ரா நி மச்சி என்பது அதன் பெயர். சால்மனுக்கும் அது வியக்கத்தக்க விதமாய்ப் பொருந்துகிறது. ஒரு மூடித் தேங்காயில் பாதி, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, சிறிது புதினா, நான்கு பச்சைமிளகாய், சீரகம், மூன்று பூண்டுப்பல் இவைகளைக் கெட்டியாக அரைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சேருங்கள். அனலில் வாட்டிய இலையில் மீனை வைத்து, இருபுறமும் சட்னியைப் பூசி, மடித்து நூலால் கட்டுங்கள். இட்லிப் பானையில் நீர் கொதித்தபின் வைத்தால், ஓர் அங்குல கனமுள்ள துண்டு பத்து முதல் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். கரண்டி முனையால் தொட்டால் சதை ஏடு ஏடாக விலக வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடமும் வைக்காதேயுங்கள். அதிகமாக வேகும் சால்மன் காய்ந்துபோவதோடு, கவிச்சியும் கூடுகிறது. என் முதல் குழம்பு கெட்டது இதனாலேயே.

குழம்புதான் வேண்டும் என்பவர்கள், குழம்பை முழுவதும் கொதிக்கவைத்து வற்றியபின், கடைசி ஆறேழு நிமிடத்திற்கு மீனை இடுங்கள். எண்ணெயில் பொரிப்பதை வாடகை வீட்டில் நான் ஒருக்காலும் சிபாரிசு செய்யமாட்டேன்.

வெந்தபின் தோலை நீக்கினால், அதன் அடியில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் தெரியும். மீனின் அழுத்தமான சுவை தங்கியிருப்பது அதில்தான். சுவைக்குப் பழகாதவர்களுக்குக் கரண்டியால் அதை வழித்தெடுத்துவிட்டுப் பரிமாறுங்கள். என் மகன் முதன்முதலில் ஒரு துண்டை முழுவதும் உண்டது இந்தப் படலத்தை நீக்கிய அன்றுதான்.

மிஞ்சிய மீனை மறுநாள் சூடாக்காதேயுங்கள். மறுபடி சூடேறும்போதே பழைய வாடை கிளம்புகிறது. குளிர்ந்தபடியே உதிர்த்து, சின்ன வெங்காயமும் எலுமிச்சைச்சாறும் சேர்த்துப் பிசைந்தால், மத்தியானச் சோற்றுக்குப் போதுமானது. மீன்கழுவிய தொட்டியை உடனே புளித்தண்ணீரால் தேய்த்து, தோலையும் முள்ளையும் இறுகக் கட்டி அன்றிரவே வெளியே அனுப்பிவிடுங்கள். வாடைக்குப் பெரும்பாலும் காரணம் மீனல்ல, குப்பைக்கூடை.

வாரந்தோறும் சால்மன் வாங்க நம்மில் பலருக்கு இயலாது என்பதை அறிவேன். எங்களுக்கும் அது மாதத்தில் ஒருமுறைதான். மற்ற வாரங்களில் அயிலை, இங்கே பாங்டா என்பார்கள், அதே நல்ல கொழுப்பைச் சிறிய விலையில் தருகிறது. மேற்சொன்ன இலைப்பொதி முறை அதற்கும் ஆகும், நேரம் மட்டும் சற்றுக் குறைவு.

சென்ற மாதம் ஒரு மாலையில் மேல்மாடி அம்மையார் படியில் நின்று, வாழையிலையில் என்ன பலகாரம் வேகவைக்கிறீர்கள் என்று கேட்டார். மறைக்க மனம் வரவில்லை. மீன் என்றே சொன்னேன். சற்றுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பிறகு, சட்னிக்கு மட்டும் அளவு எழுதிக்கொடுங்கள், நான் உருளைக்கிழங்கில் செய்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனார்.