கடனால் நடந்த குடியேற்றம்

அயலார் வந்து குடியேறுவதால் ஒரு சமூகத்திற்குத் தீமை விளைவதுண்டு. அத்தீமை வந்தவர்களின் இயல்பினால் நேர்வதா, அவர்கள் கொணரப்பட்ட முறையினால் நேர்வதா என்று அங்கத்தினர்கள் ஆராய்தல் வேண்டும். இலங்கை மலைநாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1840-ஆம் ஆண்டுச் சட்டத்தால், உரிமைக்கு ஆதாரம் காட்டப்படாத காடும் தரிசும் அரசுடைமையாகக் கருதப்பட்டன. அவற்றில் காப்பித் தோட்டங்களும், பிற்காலத்தில் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. மேய்ச்சல் நிலமும் சேனைப் பயிரிடும் காடும் சுருங்கவே, கண்டிச் சிங்களக் குடியானவர் மனக்கசப்புற்றனர்.

தோட்ட வேலைக்குத் தமிழ் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறின. அக்கடனைத் தீர்ப்போர்க்கு ஆளை விடுவதாகத் தோட்டத்தார் எழுதித் தரும் 'துண்டு' என்னும் சீட்டின்றி அவர் வேறு தோட்டம் செல்லுதல் அரிது. 1921-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் லயன் வீடுகளில் வாழ்ந்தோரும் அயற்கிராமத்தாரும் தலைமுறைதோறும் அந்நியராகவே இருந்தனர். நிலமிழந்தவர், தம்மினும் எளியவரையே பகைவரெனக் கருதலாயினர்.

முடிவு யாது? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரில் பெரும்பாலோர் பிரஜா உரிமையின்றி நின்றனர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவர்களுட் பலர் பிறந்த மண் இலங்கையே.

கடனைக் கொண்டு நடத்திய குடியேற்றத்தின் பயன் இதுவாகும். பஞ்ச காலத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் தரும் நாணய சங்கம் ஊரில் இருப்பின், எவரும் முன்பணத்திற்காகத் தம்மையே அடகு வைக்க வேண்டுவதில்லை. பிழைப்புத் தேடி நம் ஊருக்கு வருவோரிடமும், தரகரிடம் பட்ட கடன் உண்டோவென்று முதலில் விசாரித்து, அவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுதல் நம் கடமையாகும்.