முதியோருக்கு ஏற்ற வீடு: முதலில் மாற்ற வேண்டியவை

வயது முதிர்ந்த ஒருவர் வீட்டில் ஒருமுறை விழுந்துவிட்டால், குடும்பத்தினர் அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர்: "இனி நீங்கள் எழுந்து நடமாட வேண்டாம், வேண்டியதை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்." அன்பினால் சொல்லப்படுவதே எனினும், இம்முடிவு முதியவருக்கு நன்மை செய்வதில்லை. நடக்காத கால்களின் தசைகள் சில வாரங்களிலேயே மெலியத் தொடங்கும். அதன்பின் அவர் எழும்போது மீண்டும் விழும் வாய்ப்பு முன்பைவிட அதிகமாகும். முதியவரின் நடமாட்டத்தைக் குறைப்பதற்கு முன், அவர் நடமாடும் வீட்டை மாற்ற இயலுமா என்று பாருங்கள்.

உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுவதால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் 60 வயதைக் கடந்தோரே அதிகம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பலர், பணிக்காலத்தில் கட்டிய வீடுகளிலேயே இன்றும் வசிக்கின்றனர். அவ்வீடுகள் நாற்பது வயதினரை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை. மழைநீர் புகாமல் இருக்கத் தரைமட்டம் உயர்த்தப்பட்டிருக்கும். அரை கிரவுண்டு மனையில் இடத்தை மிச்சப்படுத்த மாடிப்படி குறுகலாக இருக்கும். அன்று பொருட்டாகத் தோன்றாத படிகள், எழுபது வயதில் தடைகளாகின்றன.

இரவு நேர வழி

வீடு முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதியவரின் படுக்கையிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழியை முதலில் சீர்செய்யுங்கள். இரவு விளக்கை அணைத்துவிட்டு அவ்வழியே நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். காலில் தட்டுப்படும் மிதியடி, சுவரோரம் கிடக்கும் மின்விசிறி ஒயர், தண்ணீர்க் குடம், நிலைப்படி ஆகிய ஒவ்வொன்றும் அப்போது தெரியவரும்.

சிறிய இரவு விளக்குகளை வழியில் இரண்டு இடங்களில் பொருத்துங்கள். மழைக்காலத்தில் மின்தடை ஏற்படக்கூடும் என்பதால், தலையணை அருகே ஒரு டார்ச் விளக்கு இருக்கட்டும். மிதியடியின் அடியில் வழுக்காத ரப்பர் இல்லையெனில் அதை அகற்றிவிடுங்கள். நிலைப்படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணப் பட்டை ஒன்றைத் தீட்டினால் மங்கிய பார்வைக்கும் அது புலப்படும்.

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்கத் தொடங்குவதும் ஆபத்தானது. இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை உட்கொள்வோருக்கு எழுந்தவுடன் அழுத்தம் குறைந்து தலைசுற்றல் வரலாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தபின் எழுவது நல்லது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மாலையில் உட்கொள்வோர், அதைக் காலையில் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் எழும் தடவைகள் குறைந்தாலே ஆபத்தும் குறையும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

குளியலறையும் கழிப்பறையும்

கூடுதல் கவனம் தேவைப்படும் இடம் இதுவே. துணி உலர்த்தும் கம்பியையோ குழாயையோ பிடித்து எழும் பழக்கம் பலருக்கு உண்டு. அவை உடல் எடையைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டவை அல்ல. சுமார் 4 செ.மீ. தடிமனுள்ள கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளையிட்டு உறுதியாகப் பொருத்துங்கள். சுவருக்கும் கம்பிக்கும் இடையே விரல்கள் நுழையும் அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் கை வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே சிக்கிக்கொள்ளும். டைல்ஸ் மீது காற்றழுத்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

இந்திய முறைக் கழிப்பறையில் அமர்ந்து எழ இயலாதவருக்காக உடனே இடித்துக் கட்ட வேண்டியதில்லை. நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியைக் கழிப்பறையின் மேலேயே வைத்துப் பயன்படுத்தலாம். நாற்காலியின் நான்கு கால்களும் சமமான தரையில் பதிந்திருக்கின்றனவா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

கதவையும் பாருங்கள். உட்புறமாகத் திறக்கும் கதவின் பின்னால் ஒருவர் விழுந்தால், வெளியிலிருந்து அதைத் திறக்க இயலாமற் போகலாம். கதவை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றுங்கள். முடியாவிட்டால் உள்தாழ்ப்பாளையாவது அகற்றிவிடுங்கள். மறதி நோய் உள்ளவர் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

எண்ணெய்க் குளியல் நாளில் தரை வழுக்கும். எண்ணெய் தேய்த்துக்கொள்வது குளியலறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் அமர்ந்தபடி நடக்கட்டும். குளித்தபின் தரையைச் சோப்புத் தூள் கொண்டு தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்தவர் செல்ல வேண்டும்.

வாசற்படி

சாய்தளம் கட்டிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் பாதுகாப்பான சாய்தளத்திற்கு ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் தேவை. ஒன்றரை அடி உயர வாசலுக்கு 18 அடி நீளம் வேண்டும். இவ்வளவு இடம் இல்லாத வீட்டில் செங்குத்தான சாய்தளம் அமைத்தால், இறங்கும்போது சக்கர நாற்காலி கையை மீறி உருண்டுவிடும். நடக்க இயன்றவருக்கு, ஒரே உயரமுள்ள தாழ்வான படிகளும் இருபுறமும் கைப்பிடியும் அதைவிட மேலானவை. வழவழப்பான கிரானைட் படிகளில் வழுக்காத பட்டைகளை ஒட்டுங்கள். அதிகாலையில் ஈரமான வாசலில் குனிந்து கோலமிடும் பாட்டியைத் தடுக்க வேண்டாம். தாழ்வான முக்காலி ஒன்றையும் பிடித்து எழ ஒரு கைப்பிடியையும் அமைத்துக் கொடுங்கள்.

துணைக் கருவிகள்

கடையில் கிடைக்கும் உயரத்திலேயே ஊன்றுகோலை வாங்கிவிடாதீர்கள். செருப்பணிந்து நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு இருக்கும் உயரமே கைப்பிடியின் உயரம். ஒரு காலில் மட்டும் வலி இருந்தால், ஊன்றுகோல் அதற்கு எதிர்ப்புறக் கையில் இருக்க வேண்டும். பலர் வலியுள்ள பக்கத்திலேயே பிடிக்கின்றனர். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் வலியுள்ள காலும் முதலில். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தவுடன் மாற்றிவிடுங்கள்.

வாக்கரோ சக்கர நாற்காலியோ வாங்குவதற்கு முன் கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கூடத்தில் நன்றாகச் செல்லும் வாக்கர் கழிப்பறை வாசலில் நின்றுவிட்டால், முதியவர் அதை அங்கேயே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்தபடி உள்ளே செல்வார்.

காதொலிக் கருவிக்கு முன்னர் காதில் அழுக்கு அடைத்துள்ளதா என்று பரிசோதித்துச் செவித்திறனை அளக்க வேண்டும். கருவி பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். "ஒரே இரைச்சல்" என்று முதல் நாளே கழற்றி வைத்துவிட்டால் மனம் தளர வேண்டாம். அமைதியான அறையில் நாளுக்குச் சில மணி நேரம் அணியச் சொல்லித் தொடங்குங்கள்.

வேலைக்குச் செல்வோர் படுக்கையறையில் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது இப்போது பெருகியுள்ளது. முதியவரின் சம்மதமின்றி அதைச் செய்ய வேண்டாம். படுக்கையருகிலும் கழிப்பறையிலும் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் அழைப்பு மணி வைத்து, அதன் ஒலி பக்கத்து வீட்டிற்கும் கேட்கும்படி செய்தால் உதவி விரைந்து வரும்.

விழுந்துவிட்டால்

கைகளைப் பற்றி உடனே இழுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகவும் வெளிப்புறம் திரும்பியும் தெரிந்தால், இடுப்பெலும்பு முறிந்திருக்கக்கூடும். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உட்கொள்பவர் தலையில் அடிபட்டால், நலமாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எங்கே உதவி கிடைக்கும்

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவச் சேவை வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். வீட்டிற்கு வருபவரிடம் ஊன்றுகோலின் உயரத்தையும் கைப்பிடி பொருத்த வேண்டிய இடத்தையும் கேட்டுக்கொள்ளலாம்.

ஒன்றிய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் செயல்படுகிறது. 60 வயது நிறைந்த, வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள அல்லது மாத வருமானம் ரூ.15,000-க்கு மிகாத முதியோருக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, மூக்குக் கண்ணாடி, செயற்கைப் பல்வரிசை ஆகியவை முகாம்களில் மதிப்பீடு செய்து இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆவடி, பூந்தமல்லி வாசிகள் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்திடமும், அம்பத்தூர் வாசிகள் சென்னை மாவட்ட நிர்வாகத்திடமும் முகாம் நாளைக் கேட்டறியலாம். முதியோர் உதவி எண் 14567-இல் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை கட்டணமின்றிப் பேசலாம்.