உஷார்! கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் கிராமத்துக்குப் போர்வெல் போட்டுத் தருகிறோம் என்று யாராவது நன்கொடை கேட்டு வந்தால், பணத்தை எடுத்து நீட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அந்தத் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு?

தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழுப்பேறிய பற்களையும் வளைந்த கால்களையும் அவர்கள் சொந்த ஊரிலேயே பார்த்தவர்கள். கென்யாவிலும் வடக்குத் தான்சானியாவிலும் மசாய் மக்கள் வாழும் நிலத்தில் பெரும்பகுதி எரிமலைப் பாறை. அதில் ஊறி வரும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு மிக அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான். ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும். பற்கள் உருவாகும் வயதில் குழந்தை இதைக் குடித்தால் அந்தக் கறை ஆயுளுக்கும் நிற்கும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையே பிடிக்கும்.

குட்டைத் தண்ணீருக்கும் திரும்ப முடியாது. மாடும் வரிக்குதிரையும் யானையும் இறங்கிக் கலக்கிய அதே நீரைத்தான் 20 லிட்டர் கேனில் மொண்டு, நெற்றியில் வார் மாட்டி, முதுகில் சுமந்து வருகிறார்கள் பெண்கள். அதில் இருப்பது வயிற்றுப்போக்கும் டைபாய்டும்.

அடுத்த ஆபத்து, கிணறு அமையும் இடம். யானை நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். வறட்சியில் குழாயைத் தோண்டி உடைக்கவும் செய்யும். அதன் வழித்தடத்தில் குழாயடி வைத்தால், தண்ணீர் பிடிக்கப் போகும் பெண்ணை அதன் எதிரே நிறுத்துகிறோம் என்றுதான் அர்த்தம். இந்தத் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு ஒரு வரலாறும் உண்டு. கென்யாவின் அம்போசெலியில் உள்ள சதுப்புகள் கிளிமஞ்சாரோ ஊற்றுகளால் நிறைபவை. வறட்சிக் காலத்தில் மசாய் மாடுகள் அங்கேதான் மேய்ந்து வந்தன. 1974-ல் அம்போசெலி தேசியப் பூங்காவானது. பூங்காவுக்கு வெளியே குழாயில் தண்ணீர் தருவதாக அரசு வாக்களித்தது. சில ஆண்டுகளிலேயே அந்தக் குழாய் கைவிட்டது. இழந்தது மசாய்களின் தண்ணீர். அதைத் திருப்பிக் கொடுப்பது தர்மமல்ல, கடன்.

பள்ளிக்கூடத் தகரக் கூரையில் விழும் மழைநீரில் ஃப்ளோரைடு தொல்லை இல்லை. சாணமும் மண்ணும் பூசிய மசாய் வீட்டுக் கூரையில் அதைப் பிடிக்க முடியாது. அதனால் பள்ளியில் பெரிய தொட்டி கட்டுவது, பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றைவிட மேல். கிணறுதான் வழி என்றால், ஊருக்குள் குழாய், எட்டத்தில் விலங்குகளுக்குத் தனித் தொட்டி. குழந்தைகள் குடிக்கும் முன் ஆய்வக அறிக்கை.

அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்ட மறுத்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.